பாலாடையிலிருந்து பள்ளிக்கூடம் வரை: உதடும் அண்ணமும் பிளந்து பிறந்த குழந்தைக்கு

உதடு பிளந்திருந்தால் பிரசவ அறையிலேயே எல்லார் கண்ணிலும் படும். வாயின் மேல்கூரையான அண்ணம் பிளந்திருப்பது பல நேரம் அன்றைக்குத் தெரியாது. குழந்தையைக் கையில் வாங்கியதும் மருத்துவரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்: டார்ச் அடித்து, விரலால் தடவி, அண்ணம் முழுவதையும் பார்த்தாகிவிட்டதா? உள்நாக்கு ஒற்றையாக இருக்கிறதா, நுனி இரண்டாகப் பிரிந்திருக்கிறதா? மேல்தோல் சேர்ந்திருந்தும் அடியில் தசை சேராமல் விட்டுப்போன குழந்தைகள் உண்டு. யாரும் கவனிக்காவிட்டால், மூன்று வயதில் பேச்சு மூக்கால் வரும்போதுதான் அது தெரியவரும். கீழ்த்தாடை மிகச் சிறியதாக இருந்து, மல்லாக்கப் போட்டால் குழந்தை மூச்சுக்குத் திணறினால் அது அவசரம். ஒருக்களித்தோ குப்புறவோ பிடித்துக்கொண்டு உடனே செவிலியரைக் கூப்பிடுங்கள். இதயத்துக்கு ஒரு எக்கோ ஸ்கேன், காதுக்கு ஒரு கேட்புச் சோதனை, இரண்டையும் வீடு திரும்புமுன் கேட்டு வாங்குங்கள்.

பார்க்க வருகிறவர்கள் "கிரகணத்துல வெளிய வந்தியா, அருவாமனைய தொட்டியா" என்று தாயைக் கேட்பார்கள். சேலத்தில் மட்டும் இல்லை, தமிழ்நாடு முழுக்க இந்தக் கேள்வி உண்டு. காரணம் அது இல்லை. மேல் உதடு கருவின் 4 முதல் 7 வாரத்துக்குள் இரு பக்கத்திலிருந்தும் வளர்ந்துவந்து நடுவில் ஒட்டுகிறது. அண்ணம் 12 வாரத்துக்குள் ஒட்டி முடிகிறது. ஒட்டாமல் நின்ற இடம்தான் பிளவு. பல பெண்களுக்குக் கரு நின்றிருப்பதே அப்போதுதான் தெரிந்திருக்கும். உலக அளவில் ஏறக்குறைய 700 பிறப்புக்கு ஒன்று இப்படி. மரபணு, சில வலிப்பு மருந்துகள், புகை, தாயின் கட்டுக்குள் வராத சர்க்கரை ஆகியவற்றுக்குப் பங்கு உண்டு. பெரும்பாலான குடும்பங்களில் இதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்டவே முடியாது. பெற்றோருக்கு இல்லாமல் முதல் குழந்தைக்கு மட்டும் இருந்தால் அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு நான்கு போல. அடுத்த கருவுக்குத் திட்டமிடுவதற்கு முன்பே ஃபோலிக் ஆசிட் எவ்வளவு எடுப்பது என்று மருத்துவரிடம் கேளுங்கள். மாதவிடாய் தள்ளிப்போன பிறகு கேட்டால் அது பிந்திவிடும். கிரகணம் காரணம் இல்லை என்பதை மாமியாருக்குத் தாய் சொல்வதைவிட மருத்துவர் வாயால் சொல்லவைப்பது சுலபம்.

பால் கொடுப்பது

பிளவைத் தைக்கும் அறுவையின் தேதியைக் காலண்டரைவிடக் குழந்தையின் எடைதான் குறிக்கிறது. அதனால் முதல் மூன்று மாதமும் வேலையெல்லாம் பாலைச் சுற்றித்தான்.

உதடு மட்டும் பிளந்த குழந்தை பெரும்பாலும் தாயிடமே குடித்துவிடும். மார்பின் சதையால் பிளவை அடைக்கிற மாதிரி வைத்துக்கொண்டால் பிடிப்பு கிடைக்கும். அண்ணம் பிளந்திருந்தால் கதை வேறு. ஓட்டை விழுந்த உறிஞ்சுகுழலில் இளநீர் ஏறாதது போல, வாய்க்குள் காற்றை இழுத்துப் பிடிக்க முடியாமல் குழந்தை சப்பும், சப்பும், பால் வராது. ஒரு மணி நேரம் மார்பில் கிடந்துவிட்டுக் களைத்துத் தூங்கும். 'நல்லா குடிச்சிட்டு தூங்குது' என்று வீட்டில் நினைப்பார்கள். எடை இறங்கிக்கொண்டே போகும். இப்படிப்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலைப் பீய்ச்சித்தான் கொடுக்கவேண்டும். ஒரு நாளைக்கு எட்டு முறையாவது பீய்ச்சினால்தான் பால் வற்றாது. இரவில் ஒரு முறையை விட்டுவிடாதீர்கள். சீம்பாலையும் வீணாக்கவேண்டாம்.

கொடுக்க, மூக்கு வைத்த சிறு கிண்ணமான நம் வீட்டுப் பாலாடையே போதும். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய வெள்ளிப் பாலாடை சீராக வந்திருந்தால் அதன் மூக்கின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். பிசிறு இருந்தால் ஸ்டீலுக்கு மாறுங்கள். பாலாடையில் எத்தனை மில்லி பிடிக்கிறது என்று ஊசி இல்லாத சிரிஞ்சால் ஒரு தடவை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். பலவற்றில் 5 முதல் 10 மில்லிதான் பிடிக்கும்.

குழந்தையின் தலையை இடது முழங்கை மடிப்பில் தாங்கி, உடம்பைப் பாதி உட்கார்ந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள். படுக்கவைத்து ஊற்றவே கூடாது. முக்கால் பாலாடை பால் போதும். பாலாடையின் மூக்கைக் குழந்தையின் கீழுதட்டின் மேல், வாயின் ஓரமாக, பிளவு இல்லாத பக்கம் வையுங்கள். சிறிது சாய்த்து, கன்னத்தின் உட்பக்கம் வழிகிற மாதிரி விடுங்கள். இப்போது பாலைப் பார்க்காமல் குழந்தையின் தொண்டையைப் பாருங்கள். விழுங்கியது தெரிந்த பிறகுதான் அடுத்த சாய்ப்பு. அவசரப்படுகிற கை நாக்கின் நடுவில் கொட்டும், அங்கேதான் புரையேறும். ஒவ்வொரு 15, 20 மில்லிக்கும் தோளில் போட்டு முதுகைத் தட்டி ஏப்பம் விடவையுங்கள். இந்தக் குழந்தைகள் பாலோடு காற்றையும் நிறைய விழுங்கும். மூக்கு வழியாகக் கொஞ்சம் பால் வந்தால் பயப்படவேண்டாம். தலையைச் சற்று முன்னே சாய்த்துத் துடைத்துவிட்டுத் தொடருங்கள். உதடு நீலம் பாய்ந்தாலோ, குடிக்கும்போதெல்லாம் இருமினாலோ, மூச்சில் கரகரப்பு நீடித்தாலோ நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

ஒரு வேளை பால் 30 நிமிடத்துக்குள் முடியவேண்டும். அதற்குமேல் இழுத்தால் குடித்த பாலின் சக்தி குடிக்கிற உழைப்புக்கே போய்விடும். அளவுக்கு ஒரு கணக்கு: முதல் வாரம் மெல்ல மெல்லக் கூட்டி, அதன் பிறகு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 150 மில்லி. 3 கிலோ குழந்தைக்கு 450 மில்லி. எட்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 55 மில்லி சொச்சம், அதாவது பாலாடையில் ஒரு தடவைக்கு 5 மில்லி எடுத்தால் பதினொரு தடவை. எண்ணிக் கொடுங்கள். ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போகவேண்டும். பாலாடையை ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கழுவி, பத்து நிமிடம் கொதிக்கவையுங்கள். பிழியக்கூடிய மென்மையான பிளவுப் பால்புட்டிகளும் கிடைக்கின்றன. வசதி இருந்தால் வாங்கலாம். சாதாரணப் புட்டியின் நிப்பிள் துளையைக் கத்தரியால் பெரிதாக்குவது மட்டும் வேண்டாம்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி முதல் பக்கத்தில் பிறந்த எடையை எழுதுங்கள். இரண்டு வாரத்துக்குள் அந்த எடை திரும்பியிருக்கவேண்டும். அதன் பிறகு ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராம், வாரத்துக்கு 150 முதல் 200 கிராம் ஏறினால் நல்லது. ஒரே தராசு, துணியில்லாமல், ஒரே கிழமை. அங்கன்வாடியிலோ கிராம சுகாதார செவிலியரிடமோ போடலாம். இரண்டு வாரம் தொடர்ந்து வார ஏற்றம் 100 கிராமுக்குக் கீழே நின்றால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விடாமல் போய்க் காட்டுங்கள்.

எண்ணெய், சாம்பிராணி, உரைமருந்து

எடைக்கு அடுத்து அறுவையைத் தள்ளிப்போட வைப்பது சளி. அதை வரவழைக்கும் வேலைகளில் பாதி நாமே பாசமாகச் செய்பவை. பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டும்போது மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட்டு ஊதி எடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அண்ணம் பிளந்த குழந்தைக்கு மூக்கும் வாயும் ஒரே அறை. அங்கே விட்ட எண்ணெய் நேராக நுரையீரலுக்குப் போகும், அது இறங்கி உண்டாக்கும் நிமோனியா சுலபத்தில் ஆறாது. குளித்தபின் போடும் சாம்பிராணிப் புகை, கொசுவர்த்திச் சுருள், விறகடுப்பு மூன்றும் மூச்சுக்குழாயை உறுத்தும். தறி ஓடுகிற வீடாக இருந்தால் தொட்டிலைத் தறிக்கூடத்துக்கு அப்பால் போடுங்கள். பஞ்சுத் தூசி வேறு சேரவேண்டாம். உரைமருந்தும் கழுதைப்பாலும் வேண்டவே வேண்டாம். தொட்டு நக்கவைக்கிற துளிகூடப் புரையேறப் போதும்.

சேலத்துக்கு மேலே மலையில் ஏற்காடு, நாகலூர், வெள்ளக்கடைப் பக்கம் கார்த்திகை, மார்கழிக் குளிரில் மூக்கடைப்பு இல்லாத குழந்தையைக் காண்பது கஷ்டம். தேதி கேட்கும்போதே மருத்துவரிடம் நீங்கள் மலையில் இருப்பதைச் சொல்லி, முடிந்தால் தை பிறந்த பிறகு வாங்குங்கள். ஆனால் அண்ண அறுவையை ஒன்றரை வயதைத் தாண்ட விடுவதைவிடக் குளிரில் செய்துகொள்வதே மேல்.

காகிதங்கள்

பிறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. சான்றிதழ் வந்ததும் ஸ்மார்ட் ரேஷன் கார்டில் குழந்தையின் பெயரைச் சேர்த்துவிடுங்கள், மற்ற எல்லாம் அதைப் பிடித்துத்தான் வரும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்தில் அட்டை வாங்கலாம். ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் வரை. சந்தேகத்துக்கு 1800 425 3993. எந்த மருத்துவமனை என்று முடிவு செய்யும் முன்பே அங்கே இந்த அட்டை செல்லுமா, உதட்டுக்கும் அண்ணத்துக்கும் தனித்தனியாக அனுமதி வாங்கவேண்டுமா என்று கேளுங்கள்.

2013இல் தொடங்கிய ராஷ்டிரிய பால ஸ்வஸ்த்ய காரியக்ரம் என்ற தேசியத் திட்டத்தின் பட்டியலில் உதட்டு, அண்ணப் பிளவு இருக்கிறது. அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வரும் மருத்துவக் குழு அதன் ஆட்கள்தான். அவர்கள் வரும்வரை காத்திருக்காமல் செவிலியரிடம் சொல்லி மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குச் சீட்டு வாங்குங்கள். சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடங்கலாம். ஸ்மைல் ட்ரெயின் என்ற தொண்டு நிறுவனத்தோடு இணைந்த மருத்துவமனைகளில் அறுவை இலவசம். இடம் எதுவானாலும் கேட்கவேண்டியது ஒன்றுதான்: தைக்கிறவரோடு பல் மருத்துவரும் பேச்சுப் பயிற்சியாளரும் இருக்கிறார்களா? தையல் போட்டு அனுப்பிவிட்டு அதோடு கணக்கை முடிக்கிற இடத்தைவிட, 30 கிலோமீட்டர் தள்ளியிருந்தாலும் மூவரும் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கிற இடம் நல்லது. குழந்தைக்குப் பதினெட்டு வயதாகும்வரை அங்கே போய்வரப்போகிறீர்கள்.

அகலமான பிளவுக்கு முதல் வாரங்களிலேயே வாய்க்குள் ஒரு தகடு வைத்து ஈறையும் மூக்கையும் மெல்ல மெல்லத் தள்ளிக் கொண்டுவருவார்கள். பிறந்து ஆறு வாரத்துக்குள் தொடங்கினால்தான் மூக்குக் குருத்தெலும்பு இளக்கமாக வளையும். வாராவாரம் போய்த் தகட்டைத் திருத்தவேண்டும், வீட்டில் தினமும் கழற்றிக் கழுவி மாட்டவேண்டும். மேல் ஊர்களிலிருந்து வாராவாரம் இறங்குவது நடக்காது என்று தெரிந்தால் அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். அரைகுறையாக விடுவதைவிட உதட்டின் குறுக்கே டேப் ஒட்டும் முறையைக் கற்றுக்கொண்டு ஒழுங்காகச் செய்வது பலன் தரும். கன்னத்தில் புண் வராமல் இருக்க டேப்பை வெடுக்கென்று உரிக்காமல் தேங்காய் எண்ணெய் தொட்டு ஊறவிட்டு எடுங்கள். எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்தபின் அடுத்ததை ஒட்டுங்கள், இல்லாவிட்டால் நிற்காது.

உதட்டு அறுவை

பழைய கணக்கு ஒன்று இன்றும் நடைமுறையில் இருக்கிறது: பத்து வாரம், பத்து பவுண்டு அதாவது ஏறக்குறைய 4.5 கிலோ, ரத்தத்தில் ஹீமோகுளோபின் 10. பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் செய்வார்கள். காய்ச்சல், மூக்கொழுகல், இருமல், வயிற்றுப்போக்கு எது வந்தாலும் மறைக்காதீர்கள். "இவ்வளவு தூரம் வந்தாச்சே" என்று சளியை மறைத்துக் குழந்தையை மேசையில் ஏற்றினால், மயக்கத்தில் மூச்சுக்குழாய் இறுகிக்கொள்ளும். சில வாரம் தள்ளிப்போவது எவ்வளவோ மேல். தடுப்பூசியை நிறுத்தவேண்டாம்; ஆனால் அறுவைக்கு முந்தைய வாரத்தில் ஊசித் தேதி வந்தால் இரண்டு பக்கமும் சொல்லி முன்பின் மாற்றிக்கொள்ளுங்கள். குலதெய்வக் கோயிலில் மொட்டையும் காதுகுத்தும் அறுவைக்கு முந்தைய மூன்று வாரத்தில் வேண்டாம். கூட்டத்தில் ஒரு தும்மல் போதும்.

முந்தைய நாளே அரைஞாண் கயிறு, கொலுசு, கருப்பு வளையல் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். கன்னப் பொட்டையும் கண் மையையும் துடையுங்கள். விரலில் மருதாணி இருக்கக்கூடாது; ஆக்சிஜன் அளக்கும் கிளிப் அங்கேதான் மாட்டுவார்கள்.

வயிறு காலியாக இருக்கும் நேரத்தை மருத்துவமனை எழுதிக் கொடுக்கும். பொதுவாகத் தாய்ப்பால் 4 மணி நேரத்துக்கு முன், பசும்பால், பவுடர் பால் 6 மணி நேரத்துக்கு முன், வெறும் தண்ணீர் 2 மணி நேரத்துக்கு முன். 8 மணிக்கு அறுவை என்றால் 3:30க்கு அலாரம் வைத்து எழுப்பி, 4 மணிக்குள் தாய்ப்பால் முடித்துவிடுங்கள். மாலையே பசியோடு தூங்கவிட்டால் காலையில் அழுது களைத்துப்போகும், நரம்பும் கிடைக்காது. இங்கே நடக்கிற தப்பு ஒன்று உண்டு. குழந்தை வீறிட்டு அழும். பாட்டியோ பக்கத்துக் கட்டில்காரரோ மனசு கேட்காமல் இரண்டு பாலாடை சர்க்கரைத் தண்ணீரோ பாலோ ஊற்றிவிடுவார்கள். மயக்கத்தில் அது மேலே வந்து நுரையீரலுக்குப் போகும். தெரிந்தால் அன்றைய அறுவை ரத்து, தெரியாவிட்டால் அதைவிட மோசம். தொட்டிலில் 'ஒன்றும் கொடுக்கக்கூடாது' என்று பெரிய எழுத்தில் எழுதிக் கட்டிவிடுங்கள். மலையிலிருந்து வருகிறவர்கள் முந்தைய நாளே இறங்கிவிடவேண்டும். 20 கொண்டை ஊசி வளைவையும் விடியற்காலையில் சுற்றிவந்து வாந்தி எடுத்த குழந்தையை யாரும் முதல் ஆளாக எடுக்கமாட்டார்கள்.

வெளியே கொண்டுவரும்போது முகம் வீங்கி, மூக்கோரம் ரத்தம் காய்ந்து இருக்கும். உங்களுக்குத் தெரிந்த முகம் அங்கே இருக்காது. பழைய சிரிப்பு போய்விட்டதே என்று சில தாய்மார் அழுவது உண்டு, அதில் தப்பு ஒன்றும் இல்லை. அறுவைக்கு முன் நாலு நல்ல படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் குழந்தையே கேட்கும்.

தையலை ஒவ்வொரு பாலுக்குப் பின்னும், அதைத் தவிர நாளைக்கு மூன்று முறையும் சுத்தம் செய்யவேண்டும். பஞ்சுக் குச்சியைச் சலைனில் நனைத்து, தையல்மேல் தேய்க்காமல் உருட்டி எடுங்கள். ஒரு குச்சி, ஒரே உருட்டு, பிறகு வேறு குச்சி. காய்ந்த பொருக்கு வராவிட்டால் நனைத்துவிட்டு இரண்டு நிமிடம் பொறுங்கள். பொருக்குக்கு அடியில் சீழ் கட்டினால் தையல் பிரியும். பிறகு எழுதிக்கொடுத்த களிம்பை மெல்லிய பூச்சாக. மஞ்சள், விபூதி, விளக்கெண்ணெய் எதுவும் கூடாது. கரையாத தையலாக இருந்தால் 5 முதல் 7 நாளில் எடுப்பார்கள். மூக்குக்குள் சிலிக்கான் குழாய் வைத்திருந்தால் அதைத் தினமும் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவி உடனே மாட்டுங்கள். தொலைந்துபோனால் அன்றைக்கே சொல்லுங்கள், மூக்கு அதற்குள் சுருங்கத் தொடங்கிவிடும்.

கை வாய்க்குப் போகாமல் இருக்க முழங்கைக்குக் கட்டை கட்டச் சொல்லலாம். கனமான அட்டையையோ பழைய எக்ஸ்ரே பிலிமையோ பருத்தித் துணியில் சுற்றி வீட்டிலேயே செய்யலாம்: அக்குளுக்கு இரண்டு விரல் கீழே தொடங்கி மணிக்கட்டுக்கு இரண்டு விரல் மேலே முடியவேண்டும். முழுக்கைச் சட்டைக்கு மேல் கட்டுங்கள். நாளைக்கு நாலு தடவை, ஒரு நேரத்துக்கு ஒரு கை என்று பத்து நிமிடம் அவிழ்த்து, விரல் நிறத்தைப் பார்த்து, கையை நீட்டி மடக்கிவிடுங்கள்.

வலி மருந்தில் நடக்கும் குழப்பம் ஆபத்தானது. பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, நாளில் நாலு தடவைக்கு மேல் இல்லை. 8 கிலோ குழந்தைக்கு 120 மில்லிகிராம். சிரப் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் என்றால் 5 மில்லி. அதே பெயரில் வரும் சொட்டு மருந்து ஒரு மில்லிக்கே 100 மில்லிகிராம், அதில் 1.2 மில்லிதான். கடையில் சிரப்புக்குப் பதில் சொட்டு மருந்தைக் கொடுத்து, நீங்கள் 5 மில்லி ஊற்றினால் நாலு மடங்கு போய்விடும். புட்டியைத் திருப்பி லேபிளைப் படித்துவிட்டு ஊற்றுங்கள்.

ஆறு வாரம் முதல் மூன்று மாதத்துக்குள் தழும்பு சிவந்து, கெட்டியாகி, உதட்டை மேலே இழுக்கும். அறுவை வீணாகிவிட்டது என்று வேறு மருத்துவரைத் தேடி ஓடுவது இந்த நேரத்தில்தான். தழும்பு ஆறுகிற வழியே அப்படித்தான்; ஒரு வருடத்தில் தளர்ந்து இறங்கும். மருத்துவர் சரி என்றபின், பெரும்பாலும் நாலாவது வாரத்தில், வாசலின் தொட்டு விரலால் தழும்பு வெளுக்கிற அளவுக்கு அழுத்தி அழுத்தித் தடவுங்கள். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு மூன்று நாலு தடவை. ஒரு வருடம் வெயில் படாமல் பாருங்கள். புதுத் தழும்பு கருத்தால் பிறகு வெளுப்பது கஷ்டம்.

அண்ண அறுவை

ஒன்பது மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள். பேச்சு தொடங்குமுன் தசை சேரவேண்டும் என்பதால்தான் இந்த அவசரம். உதட்டைவிட இது கடினமான காலம்: குழந்தை பெரியது, வலி அதிகம், கொறிக்கப் பழகியிருக்கும். இரண்டு வாரம் முன்பே புட்டியையும் சூப்பானையும் விட்டு, கிண்ணத்தில் குடிக்கப் பழக்குங்கள்.

முதல் இரண்டு நாள் எச்சிலில் இளஞ்சிவப்பாக ரத்தம் கலந்து வரும். குழந்தை குடிக்க மறுக்கும். 5 மில்லி, 5 மில்லியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை தண்ணீர், இளநீர். எட்டு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால் செவிலியரிடம் சொல்லுங்கள். இரண்டு மூன்று வாரம் சல்லடையில் வடித்தது மட்டும்: பால், பருப்புத் தண்ணீர், அரிசிக் கஞ்சி, கேழ்வரகுக் கூழ், நார் இல்லாமல் வடித்த மாம்பழச் சாறு. எத்தனை நாள் என்பதில் டிஸ்சார்ஜ் தாளில் இருப்பதே முடிவு. சேலத்துக்காரர் வீட்டில் கஞ்சி என்றால் ஜவ்வரிசிதான் கைக்கு வரும். அதைத் தண்ணீராக வடித்துக் கொடுக்கலாம். முழு முத்து பசை மாதிரி தையலில் ஒட்டிக்கொண்டு அங்கேயே புளிக்கும். அண்ணன் கையிலிருக்கும் முறுக்கும் தட்டுவடையும் ஆறு வாரத்துக்கு இந்தக் குழந்தையின் கண்ணில் படவேண்டாம், ஒரு துண்டு போதும் கிழிக்க. ஒவ்வொரு தடவை குடித்தபின்னும் இரண்டு வாய் தண்ணீர் கொடுத்து வாயை அலம்பவையுங்கள். ஸ்பூனை உதட்டோடு நிறுத்துங்கள், உறிஞ்சுகுழல் வேண்டாம்.

வாய்க்குள் யாரும் விரல் விடக்கூடாது. சாப்பிடாத குழந்தையைப் பார்த்ததும் "தொக்கம் விழுந்திருக்கு, எடுத்தா சரியாப்போகும்" என்று ஒருவர் சொல்வார், "உள்நாக்கு வளர்ந்திருக்கு, உப்பு வச்சு அமுக்கணும்" என்று இன்னொருவர் சொல்வார். ஆறாத தையலில் விரலோ ஊதலோ பட்டால் அண்ணம் திரும்பப் பிளக்கும். அந்த ஒரு விஷயத்தில் மரியாதை பார்க்கவேண்டாம்.

பளிச்சென்ற சிவப்பு ரத்தம் ஒழுகினால் குழந்தையை உட்காரவைத்து முன்னே சாய்த்து 108ஐக் கூப்பிடுங்கள். ஒரு வாரம் பத்து நாள் கழித்துக்கூட இப்படி வரலாம். மேல் ஊர்க்காரர்கள் அந்தப் பத்து நாளைச் சேலத்தில் சொந்தக்காரர் வீட்டில் கழிப்பது நல்லது. ராத்திரியில் மலையிறங்கும் நேரத்தை ரத்தம் கொடுக்காது.

சில வாரம் கழித்துச் சாப்பாடு மூக்கில் வந்தால் தையலில் சிறு துளை விழுந்திருக்கலாம். சிலது தானே சுருங்கும். மீதியை அடைக்க, சதை இளகும்வரை ஆறு மாதமாவது பொறுப்பார்கள்.

பேச்சும் காதும்

'அம்மா', 'மாமா' பிளவுள்ள குழந்தைக்கும் சுலபமாக வரும், ஏனென்றால் 'ம'வுக்குக் காற்று மூக்கு வழியே போகவேண்டும். சிக்கல் 'அப்பா', 'பாட்டி', 'தாத்தா', 'காக்கா'வில். ப, ட, த, க, ச எல்லாம் வாய்க்குள் காற்றை அடைத்து வெடிக்கவிடும் ஒலிகள். அடைக்க முடியாத குழந்தை பாப்பாவை 'மாம்மா' என்னும்; அல்லது காற்றைத் தொண்டையிலேயே வெட்டி 'ஆ ஆ' என்று நிறுத்தும். இரண்டாவது பழக்கம்தான் மோசம். அறுவை நன்றாக ஆகியிருந்தாலும் அது பயிற்சி இல்லாமல் போகாது.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி. கைக்கண்ணாடியைத் துடைத்து, குழந்தையின் மூக்குத் துளைக்கு நேர் கீழே, உதட்டைத் தொடாமல் பிடியுங்கள். 'பாப்பா', 'தாத்தா', 'காக்கா' சொல்லச் சொல்லுங்கள். கண்ணாடி தெளிவாக இருந்தால் நல்லது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஆவி படிந்தால் காற்று மூக்கில் கசிகிறது. மூச்சு விடும்போதும் படியும் என்பதால் சொல் முடிந்தவுடன் கண்ணாடியை எடுத்துவிடுங்கள். 'மாமா'வுக்கு எல்லாருக்கும் படியும், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மூன்று வயதுக்குள் பேச்சுப் பயிற்சியாளர் ஒரு தடவை கேட்டிருக்கவேண்டும். பயிற்சிக்குப் பிறகும் கசிந்தால் பள்ளிக்குப் போகும் வயதை ஒட்டி, நாலிலிருந்து ஆறுக்குள், தொண்டைப் பக்கம் இன்னொரு அறுவை தேவைப்படலாம். பலூன் ஊதவைப்பது, ஊதுகுழல் ஊதவைப்பது பேச்சைச் சரிசெய்யாது. ஊதும் தசைவேலை வேறு, பேசும் தசைவேலை வேறு. அந்தப் பத்து நிமிடத்தைச் சொல் விளையாட்டுக்குக் கொடுங்கள்.

நடுக்காதையும் மூக்குக்குப் பின்னால் இருக்கும் மேல்தொண்டையையும் இணைக்கும் குழாய் இந்தக் குழந்தைகளுக்குச் சரியாகத் திறக்காது, நீர் கோர்க்கும். வலி இருக்காது, கூப்பிட்டால் திரும்பாது, டிவி சத்தத்தைக் கூட்டும். பிடிவாதம் என்று அடிக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை காதைச் சோதியுங்கள், காய்ச்சிய எண்ணெய் விடாதீர்கள்.

ஈறு எலும்பு, பள்ளி, பிறகு

எட்டிலிருந்து பதினொரு வயதுக்குள், கோரைப்பல் இறங்குமுன், ஈறின் இடைவெளியில் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த எலும்பை வைப்பார்கள். முழு ஆண்டு விடுமுறையில் வசதி என்று நினைப்பீர்கள், ஆனால் கோரைப்பல்லின் வேர் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று எக்ஸ்ரே பார்த்துத்தான் தேதி வரும். சொத்தைப் பல் இருந்தால் வைத்த எலும்பில் சீழ் பிடிக்கும். அதற்கு முந்தைய வருடம் முழுக்கப் பல் தேய்ப்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். வாயைவிட இடுப்புதான் வலிக்கும். சில நாள் நொண்டி நடக்கும். ஓட்டமும் சைக்கிளும் ஆறு வாரம் இல்லை. இந்த வயதுக் குழந்தையிடம் "ஒண்ணும் வலிக்காது" என்று சொல்லாதீர்கள். எங்கே, எத்தனை நாள் வலிக்கும், மருந்து உண்டு என்று சொல்லுங்கள். ஒரு தடவை பொய் சொன்னால் அடுத்த அறுவைக்குக் கூட்டிக்கொண்டு போக முடியாது.

பள்ளியில் கேட்பார்கள், பட்டப்பெயரும் வைப்பார்கள். சேர்க்கும் முன்பே வீட்டில் ஒரு வாக்கியத்தைப் பழக்கிவிடுங்கள்: "பொறக்கும்போது உதடு சேரல, டாக்டர் தைச்சுட்டாங்க." அதைச் சொல்லிவிட்டு விளையாடப் போய்விடவேண்டும், நின்று விளக்கவேண்டியதில்லை. வகுப்பாசிரியரிடம் பேசும்போது, காது மந்தமாக இருக்கலாம், முன் வரிசை வேண்டும் என்பதை முதலில் சொல்லுங்கள். உரக்க வாசிக்கச் சொல்லும்போது ஒதுக்கவேண்டாம், திருத்தும்போது எல்லார் முன்னாலும் வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மேல்தாடை வளராமல் பின்தங்கினால் அதை முன்னே நகர்த்தும் அறுவையும், மூக்கைச் சீராக்கும் அறுவையும் வளர்த்தி நின்றபின்தான், பெண்ணுக்குப் பதினாறு, பையனுக்குப் பதினெட்டு வயதுக்கு மேல். கடிப்பதும் மூச்சும் சிரமமாக இருந்தால் அது தேவை. பார்வைக்காக என்றால் அது அந்தப் பிள்ளையின் விருப்பம். கல்யாணத்தைக் காட்டி அத்தை சித்தி நெருக்குவதைப் பெற்றோர்தான் தடுக்கவேண்டும். வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுங்கள், இரண்டு வருடம் கழித்தும் செய்யலாம்.

அப்போது பார்க்கும் மருத்துவர் முதலில் கேட்பது பழைய அறுவைக் குறிப்புகளை. டிஸ்சார்ஜ் தாள்கள், எக்ஸ்ரே, ஒவ்வொரு அறுவைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், எடை எழுதிய அந்த நோட்டு எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். மூலத் தாளை எங்கேயும் கொடுக்காமல் நகலைக் கொடுங்கள். சில தாள்களில் மை மங்கிவிடும், வாங்கிய வாரமே நகல் எடுத்துவிடுங்கள். பதினாறு வயதில் கோப்பைப் பிள்ளையின் கையில் கொடுத்து, மருத்துவரிடம் கேட்கவேண்டியதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதையே எழுதச் சொல்லுங்கள்.